கங்காணிக்குப் புதுச் சட்டை

"இவர் யாருடைய ஆள்?"

ஒரு தொழிற்சாலையின் வாயிலில் நின்றுகொண்டு, ஷிப்டு மாறும் நேரத்தில் உள்ளே போகிற தொழிலாளி ஒருவரைச் சுட்டிக் காட்டி, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! கம்பெனி சொல்லும்: "அவர் எங்கள் ஆள் அல்ல, கான்ட்ராக்டரின் ஆள்." கான்ட்ராக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் அவர் சொல்லுவார்: "நான் ஆள் அனுப்பியவன்தான் ஐயா, வேலை வாங்குவதெல்லாம் அவர்கள்." அந்தத் தொழிலாளியையே கேட்டால்? அடையாள அட்டையில் ஒரு பெயர், போட்டிருக்கும் சட்டையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் (அப்படி ஒன்று தரப்பட்டால்) வேறொரு பெயர்! தான் யாருடைய ஆள் என்பது தனக்கே தெரியாமல், பத்தாண்டுக் காலம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்று உழைத்தவர்கள் இந்த நாட்டில் ஒருவர் இருவர் அல்லர்.

வேடிக்கைக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. விரல் நசுங்கியவனை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது யார், பிடித்த வைப்பு நிதிப் பணம் எங்கே போயிற்று, ஒரு திங்கட்கிழமை காலையில் "உன் பெயர் பட்டியலில் இல்லை" என்று கேட்டிலேயே நிறுத்தப்பட்டவன் எந்த மேசையின் முன்னால் போய் நிற்பது, அத்தனைக்கும் விடை, அந்த ஒரு கேள்வியின் விடையில்தான் அடங்கியிருக்கிறது.

இது ஏதோ ஓரத்தில் நடக்கும் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். மத்திய அரசே ஆண்டுதோறும் எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2000-01-ஆம் ஆண்டில், தொழிற்சாலைத் தொழிலாளர் நூறு பேரில் ஏறத்தாழ 20 பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். 2023-24-இல் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 40-ஐத் தாண்டிவிட்டது! பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் கணக்கு மட்டுமே இது. கட்டட வேலையும், காவல் வேலையும், குப்பை அள்ளும் வேலையும் இதில் சேரவில்லை.

"தற்காலிகத் தொழிலாளர்" என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். எது தற்காலிகம்? வேலையா, வேலைக்காரனா?

உண்மையிலேயே தற்காலிகமான வேலைகள் உண்டு. நாம் மறுக்கவில்லை. கரும்பு அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்கு ஆள் கூடுதலாகத் தேவை. ஆண்டுக்கொரு முறை கொதிகலனைத் திறந்து செப்பனிடும் பதினைந்து நாளுக்கு, அந்த வேலை தெரிந்த கூட்டம் வந்துதான் ஆகவேண்டும். தீபாவளிக்கு முன் ஜவுளிக் கிடங்கில் பொட்டலம் கட்ட நாற்பது கைகள் அதிகம் வேண்டும். அதற்கெல்லாம் ஆயுள் முழுவதற்கும் ஆள் எடு என்று கேட்பவர்கள் அல்லர் நாம். ஆனால், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஓடும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் எப்படி ஐயா தற்காலிகம் ஆவான்? இயந்திரம் நிரந்தரம், இலாபம் நிரந்தரம், முதலாளி நிரந்தரம், அவன் மட்டும் தற்காலிகமா?

இந்த இடைத்தரகன் நமக்குப் புதியவன் அல்லன். நம் பாட்டன்மார்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். கங்காணி என்று அவனுக்குப் பெயர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர்களுக்குத் தலைப்பாகையோடு வருவான். உறவுமுறை சொல்லி அழைப்பான். முன்பணம் தருவான். அந்த முன்பணம் கடனாகும், கடன் சங்கிலியாகும். இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கும் கப்பலேறிய தமிழர்களில் எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சங்கிலியோடு போனார்கள்! தன் கூட்டத்தில் நாளொன்றுக்கு எத்தனை தலை வேலைக்கு வந்தது என்று எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்துரை கங்காணிக்குத் தனியே காசு கொடுத்தான். இலங்கையில் 'துண்டு' என்றே ஒரு முறை இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவன்மீது இவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளலாம். மாட்டுச் சந்தையில் கயிறு கைமாறுவது போல! அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 ஆகவேண்டியிருந்தது. மலேயாவுக்குக் கங்காணி ஆள் சேர்ப்பது 1938-இல்தான் நின்றது.

அன்று துரையும் இதையேதான் சொன்னான்: "எனக்கும் கூலிக்கும் நடுவே கங்காணி இருக்கிறான்; அவர்கள் கணக்கு அவர்களுக்குள்."

தலைப்பாகை போய்விட்டது. இப்போது கையில் கணினியும், கழுத்தில் பட்டையும், 'மனிதவளச் சேவை' என்ற பெயர்ப்பலகையும் வந்திருக்கின்றன. தலைக்குக் காசு மட்டும் அப்படியே இருக்கிறது. 'சர்வீஸ் சார்ஜ்' என்று அதற்குப் பெயர். இன்னொன்றும் மாறியிருக்கிறது. அன்று நம்மவர்கள் கப்பலேறினார்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இரயிலேறித் திருப்பூருக்கும் கோவைக்கும் திருப்பெரும்புதூருக்கும் வருகிறார்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களைக் கண்டு முகம் சுளிக்கும் நண்பர்கள் சிலர் நம்மிடையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறோம்: கண்டி மலையில் நம் பாட்டியை எவன் எப்படி நடத்தினான் என்பதை ஒரு கணம் எண்ணிவிட்டு, அந்தப் பிள்ளையைப் பாருங்கள். அவன் உங்கள் கூலியைக் குறைக்க வந்தவன் அல்லன். உங்கள் கூலியைக் குறைக்க அவனைக் கொண்டுவந்தவன் வேறொருவன்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1971 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒழுங்குபடுத்துவதும் ஒழிப்பதும் என்று இரண்டையும் தன் பெயரிலேயே தாங்கிவந்த சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ ஒப்பந்தத்தில் வைத்தால் கம்பெனி பதிவு செய்ய வேண்டும். கான்ட்ராக்டர் லைசென்ஸ் பெற வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையாக இருந்தால், அந்தத் தொழிலுக்கே இன்றியமையாத வேலையாக இருந்தால், மற்ற இடங்களில் நிரந்தரத் தொழிலாளர் செய்கிற வேலையாக இருந்தால், அரசு அதில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாம். கான்ட்ராக்டர் கூலி கொடுக்கும்போது கம்பெனியின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கான்ட்ராக்டர் கொடுக்காமல் ஓடிப்போனால், கம்பெனியே கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

மீறினால் என்ன தண்டனை? மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆயிரம் ரூபாய்! 1970-இல் எழுதிய ஆயிரம், அரை நூற்றாண்டுக்கு மேல் அதே ஆயிரமாகவே இருந்தது. முதலாளிமார் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். இருபது பேர் இருந்தால்தானே சட்டம்? பத்தொன்பது பேரோடு நிறுத்து! நூறு பேர் வேண்டுமா? ஆறு கான்ட்ராக்டர், ஆறு பெயர்ப்பலகை. அண்ணன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. நம் தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. அதற்கு என்ன மருந்து? கான்ட்ராக்டின் பெயரை மாற்று! மார்ச் 31-ஆம் நாள் ஒரு கம்பெனியின் ஆளாக வீட்டுக்குப் போனவன், ஏப்ரல் 1-ஆம் நாள் இன்னொரு கம்பெனியின் ஆளாக அதே கேட்டில், அதே இயந்திரத்துக்கு, அதே சூப்பர்வைசரிடம் வருவான். அவனைப் பொறுத்தவரை இரவில் தூங்கி எழுந்தான், அவ்வளவே. காகிதத்தில் அவன் புதிதாய்ப் பிறந்துவிட்டான்!

வழக்கு மன்றத்துக்குப் போன கதையையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் பேசும்போது உதவும். கோழிக்கோட்டில் கயிறு செய்யும் ஆலை ஒன்றின் வழக்கு, 1978-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் முன் வந்தது. "இவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள்" என்று முதலாளி சொன்னார். நீதிபதி திரையை விலக்கிப் பார்த்தார். யாருடைய வாணிபத்துக்காக உழைக்கிறார்களோ, யார் கைவிட்டால் இவர்கள் அடுப்பு எரியாதோ, அவரே முதலாளி; நடுவில் எத்தனை பேர் நின்றாலும் சரி என்ற கருத்தில் தீர்ப்புத் தந்தார். அதற்கு முன்பே, பீடித் தொழிலில் 1974-இல் இதே பாடம் வந்திருந்தது. இலையும் தூளும் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவன் கான்ட்ராக்டர். ஆனாலும் அந்தத் தாய்மார்கள் சுற்றிய பீடிக்கு லேபிள் ஒட்டி விற்கிறவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று உச்சநீதிமன்றம் 1966-ஆம் ஆண்டு பீடிச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

பிறகு காற்று மாறிற்று. பதிவும் இல்லை, லைசென்சும் இல்லை என்றாலும், அந்தக் காரணத்தால் மட்டும் தொழிலாளி கம்பெனியின் ஆளாகிவிட மாட்டான் என்றது 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட இடத்தில் தொழிலாளி தானாகவே கம்பெனியின் ஆளாகிவிடுவான் என்றது 1996-ஆம் ஆண்டு ஏர் இந்தியா தீர்ப்பு. நாடெங்கும் மகிழ்ச்சி! ஐந்தாண்டுதான். 2001 ஆகஸ்டில், உருக்காலை நிறுவனத்தின் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதை அடித்துவிட்டார்கள். ஒப்பந்த முறையை ஒழித்தால் தொழிலாளிக்கு வேலை கிடைக்கும் என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். எழுதவில்லைதான். நோயை ஒழித்தால் நோயாளி பிழைப்பான் என்று தனியாக எழுதிவைக்க வேண்டும் என்று 1970-இல் யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆனால் அந்த 2001 தீர்ப்பும் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. ஒப்பந்தம் உண்மையானதல்ல, வெறும் முகமூடி என்று மெய்ப்பித்தால், தொழிலாளி கம்பெனியின் ஆளே! மெய்ப்பிப்பது எப்படி? 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று அளவுகோல்களைச் சொல்லியிருக்கிறது. வேலைக்கு எடுத்தவன் யார்? சம்பளம் தருகிறவன் யார்? நீக்கும் அதிகாரம் யாருக்கு? தவறு செய்தால் தண்டிப்பவன் யார்? வேலை தொடர்ந்து நடக்கிறதா? மேற்பார்வையும் கட்டுப்பாடும் யாருடையவை? மும்பை மாநகராட்சியில் குப்பை அள்ளிய தொழிலாளர் ஏறத்தாழ 2700 பேர், இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2017-இல் உச்சநீதிமன்றம் வரை வந்து நிரந்தரமானார்கள்.

இங்கேதான் முதலாளிமார்களும் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். "இடையில் ஒருவனை வைத்துவிட்டால் ஆபத்து நமக்கில்லை" என்று அவர்களுக்கு ஆலோசகர்கள் ஓதியிருக்கிறார்கள். ஆபத்து போகவில்லை ஐயா; கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது! வைப்பு நிதியைக் கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. சந்தாவைக் கம்பெனி முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் கான்ட்ராக்டரிடம் பிடிக்க வேண்டும். கூலி பாக்கியும் அப்படியே. ஆக, கான்ட்ராக்டர் திருடினால் இரண்டு முறை பணம் கொடுக்கப்போவது கம்பெனி. முதல் முறை கான்ட்ராக்டருக்கு, இரண்டாம் முறை சட்டத்துக்கு.

திருடுவான் என்பது எப்படித் தெரியும்? டெண்டர்த் தாளைப் பார்த்தாலே தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காகத்தான்: நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 13,000. வைப்பு நிதிக்கு முதலாளி பங்கு, காப்பீடு, நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 13, அது 1,690. இ.எஸ்.ஐ. பங்கு நூற்றுக்கு 3.25, அது 422 ரூபாய் 50 காசு. போனஸ் நூற்றுக்கு 8.33; அது ஏறத்தாழ 1,083. கூட்டினால் 16,195 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. விடுப்புச் சம்பளம், பணிக்கொடை, பூட்சு, சீருடை எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது ஒரு கான்ட்ராக்டர் வந்து, "தலைக்கு 15,000 போதும்" என்று எழுதிக் கொடுக்கிறார். கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, மிகக் குறைந்த தொகை கேட்டவர் என்று மகிழ்ந்து அவருக்கே மாலை போடுகிறார். அந்த அதிகாரிக்குக் கூட்டல் தெரியாதா? தெரியும். அந்த 1,195 ரூபாய் எங்கிருந்து வரும், கான்ட்ராக்டரின் கார் எந்தப் பெட்ரோலில் ஓடும், மகள் திருமணம் எந்தப் பணத்தில் நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! தொழிலாளியிடம் வைப்பு நிதிக்கென்று பிடித்த 1,560-ஐயும், கம்பெனி தந்த 1,690-ஐயும் சேர்த்தால் 3,250. நூறு பேருக்கு மாதம் மூன்று இலட்சத்து இருபத்தையாயிரம். அதில் பாதிப் பேரைக் கணக்கில் காட்டாமல் விட்டாலே போதும், 15,000 ரூபாய் டெண்டரிலும் இலாபம் கொழிக்கும். கணக்கில் காட்டாத அந்தப் பாதிப் பேரில் ஒருவன்மீது ஒரு நாள் பாரம் சரிந்து விழுவான்... அன்றுதான் தெரியும், அவனுக்கு இ.எஸ்.ஐ. எண்ணே கிடையாது என்பது.

குறைந்த டெண்டருக்குக் கையெழுத்திட்டவர், அந்தத் திருட்டுக்கும் சேர்த்தே கையெழுத்திட்டார் என்பது நம் கருத்து. அரசு அலுவலகங்களும் நகராட்சிகளும் பல்கலைக்கழகங்களும் இதில் விதிவிலக்கல்ல என்பதையும் வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும்.

ஆபத்து கூலிக் கணக்கோடு நிற்பதும் இல்லை. 2021 டிசம்பர் நடுவில், திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டிய இளம் பெண்கள், கான்ட்ராக்டர்கள் பார்த்துக்கொண்ட விடுதியில் சாப்பிட்ட உணவு நஞ்சாகிப் படுத்தார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றுகூடத் தோழிகளுக்குச் சொல்ல ஆளில்லை, வதந்தி பரவிற்று, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். சங்கமும் இல்லை, கொடியும் இல்லை, தலைவரும் இல்லை. இருபது வயதுப் பெண்கள்! ஆலை மூடியது. 2022 ஜனவரி 12-இல்தான் மீண்டும் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

சமைத்தது யார்? கம்பெனி அல்ல. விடுதி நடத்தியது யார்? கம்பெனி அல்ல. ஆனால் உலகம் முழுவதும் நாளேட்டில் யார் பெயர் வந்தது? எந்தக் கான்ட்ராக்டரின் பெயராவது வந்ததா? பிற்பாடு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசின் சிப்காட் கட்டித் திறந்தது, நல்ல காரியம். ஆனால் அந்த விடுதிக்கு அடிக்கல், நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் வைத்தது.

அடுத்த ஆண்டுகளின் கதைக்கு வருவோம். 1970 சட்டம் 2025 நவம்பர் 21-ஆம் நாளோடு விடைபெற்றது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் என்ன இருக்கிறது? இருபது பேர் என்பது ஐம்பது பேர் ஆயிற்று! பத்தொன்பதோடு நிறுத்தியவன் இனி நாற்பத்தொன்பது வரை போகலாம். ஆறு பெயர்ப்பலகை தேவைப்பட்ட இடத்தில் மூன்று போதும். பெயர் எழுதும் ஓவியருக்குத்தான் நட்டம்.

ஒரு நிறுவனத்தின் 'மைய வேலை'யில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்று புதுச் சட்டம் தடை சொல்லுகிறது. ஆகா என்று கைதட்டுவதற்குள் அடுத்த வரியைப் படியுங்கள். துப்புரவு மையமல்ல, காவல் மையமல்ல, உணவுக்கூடம், ஏற்றுதல், இறக்குதல், தோட்டம், சலவை, கட்டட வேலை, போக்குவரத்து, இவையெல்லாம், அந்த நிறுவனம் அதற்கென்றே தொடங்கப்பட்டதாக இல்லாவிட்டால், மையமல்ல. மைய வேலையிலும் திடீரென்று வேலை கூடினால் கான்ட்ராக்டில் ஆள் எடுக்கலாம். திடீர் என்பது எத்தனை மாதம்? அந்தத் திடீர் என்ற சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் பேரை அடைக்கப்போகிறார்கள் என்பதைத்தான் இனி நாம் விழித்திருந்து பார்க்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்கு 1979-ஆம் ஆண்டுச் சட்டம், இடம்பெயர்ந்து வந்ததற்காக மாதக் கூலியில் பாதியைத் தனியே தரச் சொல்லியிருந்தது; புதுச் சட்டத்தில் அது காணோம், பயணப்படி மட்டும் மிஞ்சியது.

கெட்டதை மட்டும் சொல்லி நல்லதை மறைப்பது நம் வழக்கமல்ல. உணவுக்கூடம், ஓய்வறை, குடிநீர், கழிப்பிடம் போன்ற வசதிகளை ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கம்பெனியே நேரடியாகச் செய்து தரவேண்டும் என்கிறது புதுச் சட்டம். முன்பு கான்ட்ராக்டர் தவறினால்தான் கம்பெனி. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கென்று கம்பெனியே நேரடியாக ஆள் எடுத்தால், ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்கிறது. ஆகவே, உண்மையாகவே தற்காலிக வேலை என்றால், இடைத்தரகன் எதற்கு? நேரடியாகவே ஆறு மாதத்துக்கு எடு, ஓராண்டுக்கு எடு, கடிதத்தைக் கொடு, கூலியைக் கொடு! நடுவில் ஒருவனுக்குத் தலைக்காசு கட்டுவது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி? இதற்கு முதலாளி சங்கங்கள் ஒரு விடை சொல்லட்டும்.

துப்புரவு மையமல்ல என்றார்கள் அல்லவா, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாயிலில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், ஏறத்தாழ 2000 பேரின் பிழைப்புக்காக, 13 நாள் உட்கார்ந்தார்கள். தங்கள் மண்டலத்துக் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்ததை எதிர்த்தார்கள். கூலி குறையும், நிரந்தரம் என்ற நம்பிக்கையே போய்விடும் என்றார்கள். 13-ஆம் நாள் இரவு போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். எந்த ஆட்சி, எந்தக் கட்சி என்று பார்த்துத் தராசைச் சாய்க்கிற பத்தி இதுவல்ல. மாநகராட்சிக்குக் குப்பை அள்ளுவது மைய வேலை அல்லவென்றால், வேறு எதுதான் மைய வேலை? மழை வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் இறங்கியவர்கள், கொரோனா நாளில் மூடிய தெருக்களில் தனியே நடந்தவர்கள், அப்போது 'முன்களப் பணியாளர்' என்று மாலை வாங்கினார்கள். மாலை வாடிய பின் ஒப்பந்தத் தாளை நீட்டுவது எந்தக் கட்சியின் ஆட்சியில் நடந்தாலும் நம்முடைய சங்கத் தோழர்கள் வாய் திறந்தே ஆகவேண்டும்.

இனி வேலை செய்கிற தோழர்களுக்குச் சில செய்திகள். உங்கள் வட்டத்தில், உங்கள் ஆலை வாயிலில், ஒப்பந்தத் தொழிலாளர் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பெயர், எந்தத் தேதியில் முதன்முதல் உள்ளே போனார், இதுவரை எத்தனை கான்ட்ராக்டர் பெயர் மாறிற்று, வேலை சொல்லுகிறவர் யார், விடுப்புக் கேட்பது யாரிடம். வழக்கு மன்றம் கேட்கும் கேள்விகள் இவைதான். பத்தாண்டுக்குப் பிறகு நினைவிலிருந்து சொன்னால் நிற்காது, அன்றன்று எழுதிய நோட்டு நிற்கும். பழைய அடையாள அட்டை, கேட் பாஸ், ஷிப்டு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் கைப்பேசியில் அனுப்பிய செய்தி எதையும் தொலைக்க வேண்டாம். கம்பெனி சூப்பர்வைசர் அனுப்பிய "நாளை நைட் ஷிப்டுக்கு வா" என்ற ஒரு வரிச் செய்தி, கட்டுப்பாடு யாருடையது என்பதற்கு ஒரு சாட்சி அல்லவா?

ஒவ்வொருவரிடமும் வைப்பு நிதிக்கு ஒரே எண் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போடுகிறார்கள் என்றால், அங்கே ஏதோ நடக்கிறது. பாஸ்புக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டுக்கொருவர் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் பார்த்துக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் பாஸ்புக்கில் ஏறிய தொகையும் ஒத்துவராவிட்டால், கான்ட்ராக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கம்பெனியின் பெயருக்கே ஒரு கடிதம். நகல் வைப்பு நிதி அலுவலகத்துக்கு. சண்டை போட்டால் ஒருவனை கேட்டில் நிறுத்துவார்கள். கடிதத்தில் நாற்பது கையெழுத்து இருந்தால் நாற்பது பேரையும் நிறுத்துவது அவ்வளவு எளிதல்ல.

நிரந்தரத் தொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு சொல். "அவர்கள் கான்ட்ராக்ட், நாம் கம்பெனி" என்று தேநீர்க் கடையில் தனித்தனி பெஞ்சில் உட்காருகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நாளை ஓய்வு பெற்றுப் போகிற ஒவ்வொரு நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியைத்தான் வைக்கப்போகிறார்கள். போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அடுத்த கூலி ஒப்பந்தத்தில், உங்கள் கோரிக்கைப் பட்டியலில், ஒப்பந்தத் தொழிலாளரின் கூலியையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். டெண்டரில் சட்டப்படியான செலவுக்குக் கீழே கேட்கிறவருக்கு வேலை தரக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டருக்கு மாதப் பணம் தருமுன், சென்ற மாதத்து வைப்பு நிதிச் சலானையும், யார் யாருக்குக் கட்டினார் என்ற பெயர்ப்பட்டியலையும் வாங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். சலான் மட்டும் போதாது. எண்பது பேருக்கு வேலை வாங்கி நாற்பது பேருக்குக் கட்டினாலும் சலான் வரும்.

நல்ல நிருவாகம் நடத்துகிற முதலாளி இதற்கெல்லாம் மறுப்புச் சொல்லமாட்டார். அவருடைய சொந்தப் பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. மறுப்புச் சொல்லுகிறவர் எதை மறைக்கிறார் என்று கேளுங்கள். கூலி போடும் நாளில் கேட்டருகே போய், "பட்டியலைச் சரிபார்க்கக் கம்பெனியின் ஆள் இங்கே யார்?" என்றும் கேளுங்கள். ஆள் வந்தால் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வராவிட்டால் அந்தத் தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.